இளம் பிரபஞ்சத்தில் இவ்வளவு தூசு எங்கிருந்து வந்தது?

ஆடி, ஆவணி மாதங்களில், நிலவில்லாத இரவொன்றில், திருகோணமலைக்கு வடக்கே நகர வெளிச்சம் எட்டாத நிலாவெளிக்கோ குச்சவெளிக்கோ போய் வானத்தைப் பார்ப்பவர்களுக்குப் பால்வீதி ஒரே வெண்பட்டையாகத் தெரிவதில்லை. திருவோண விண்மீனுக்கு அருகிலிருந்து தெற்கே தனு வரை அதன் நடுவே கரும்பிளவு ஒன்று ஓடுகிறது. அந்த இடத்தில் விண்மீன்களே இல்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணப்பட்டது. தொலைவில் உள்ள விண்மீன் கொத்துகளை ஆராய்ந்த றொபேட் ட்ரம்ப்ளர் என்பவர், அவை இருக்க வேண்டியதைவிட மங்கலாகவும் சிவந்தும் தெரிவதை 1930இல் எடுத்துக்காட்டிய பிறகே, விண்மீன்களுக்கிடையிலான வெளி முழுவதிலும் ஒளியை மறைக்கும் ஏதோவொன்று பரவியிருக்கிறது என்பது ஐயமின்றி நிலைபெற்றது. கரும்பிளவு வெற்றிடம் இல்லை. பின்னாலுள்ள விண்மீன்களை மறைத்து நிற்கும் தூசு அது. 26,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள நமது பால்வீதியின் மையத்திலிருந்து கிளம்பும் கட்புல ஒளியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டுமே இந்தத் தூசைத் தாண்டி நம்மை வந்தடைகிறது.

தூசு என்றதும் லொறி போன பின் வீதியில் எழும் புழுதியே பலருக்கு மனத்தில் வரும். புழுதி என்பது பெரிய கல்லும் மண்ணும் அரைபட்டுச் சிறுத்தது. விண்தூசு உருவாகும் வழி இதற்கு நேர்மாறானது: வாயுவில் தனித்தனியே திரிந்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பெருத்ததே அது. ஆகவே, மண்ணெண்ணெய் விளக்கின் சிமினியில் படியும் கரியையே அதற்கு நெருங்கிய உறவாகச் சொல்ல வேண்டும். சுவாலையின் வெப்பத்தில் வாயுவாக இருந்த காபன், மேலெழுந்து குளிரும்போது திண்மமாகி, கண்ணாடியில் கறுப்பாகப் படிகிறது. விண்தூசில் ஒரு பெரும் பகுதி இரசாயன இயல்பிலும் இந்தக் கரியை ஒத்ததுதான். மற்றொரு பெரும் பகுதி சிலிக்கேற்றுகள், அதாவது சிலிக்கனும் ஒட்சிசனும் மக்னீசியத்துடனும் இரும்புடனும் சேர்ந்த, நம் காலடிப் பாறைகளில் உள்ளவற்றை ஒத்த கனியங்கள்.

இத்துணிக்கைகளில் பெரும்பாலானவை ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. பத்தில் ஒரு மைக்கிரோமீற்றர் என்பதை மாதிரி அளவாகக் கொள்ளலாம். பால்வீதியின் சாதாரணமான ஓரிடத்தில், பக்கமொன்று 100 மீற்றர் கொண்ட கனசதுரத்தை எடுத்தால் அதற்குள் இத்தகைய துணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான் இருக்கும். விண்மீன்களுக்கிடையிலுள்ள பொருளின் திணிவில் தூசின் பங்கு நூற்றில் ஒன்று மட்டுமே, மிகுதியெல்லாம் வாயு. ஆனால் அந்த ஒரு பங்கு செய்யும் வேலை பெரிது. விண்மீன்கள் இதுவரை உமிழ்ந்த ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் தூசு உறிஞ்சி, வெப்பமாக, அதாவது செங்கீழ்க் கதிராக (அகச்சிவப்பு), திரும்ப உமிழ்ந்திருக்கிறது. ஐதரசன் அணுக்கள் இரண்டு சந்தித்து மூலக்கூறாக இணைவதற்கான தளமும் தூசுத் துணிக்கையின் மேற்பரப்பே. அந்த மூலக்கூறு முகில்களிலிருந்தே புதிய விண்மீன்களும், அவற்றைச் சூழும் தூசிலிருந்தே கோள்களும் உண்டாகின்றன.

பெருவெடிப்பின் பின் பிரபஞ்சத்தில் இருந்தவை ஐதரசனும் ஈலியமும் சிறிதளவு இலிதியமும் மட்டுமே. இவற்றைக் கொண்டு தூசு செய்ய முடியாது. காபனும் ஒட்சிசனும் சிலிக்கனும் இரும்பும் விண்மீன்களின் உள்ளே சமைக்கப்பட்டு, வெளியே வந்து, குளிர வேண்டும். எனவே தூசின் வரலாறு எப்போதும் ஒரு காலக் கணக்காகவே அமைகிறது: எத்தனை விண்மீன்கள், எவ்வளவு விரைவாக, எவ்வளவு தூசைத் தந்திருக்க முடியும்? நம் பால்வீதியைப் போன்ற தொலைதூர விண்மீன் பேரடைகளில் இந்தக் கணக்கு இலகுவில் ஒத்துவருவதில்லை. அந்த இடர்ப்பாட்டைப் புரிந்துகொண்டால், தூசு பிறப்பது ஓரிடத்தில், வளர்வது வேறோரிடத்தில் என்று வானியலாளர் பலர் இன்று கருதுவதன் காரணமும் புரிந்துவிடும்.

முதலில் பிறப்பைப் பார்ப்போம். சூரியனைப் போன்றதும் அதைவிடச் சில மடங்கு பாரமானதுமான விண்மீன்கள் முதுமையில் வீங்கிச் சிவந்து, தம் மேற்படலங்களை விண்வெளிக் காற்றாக மெல்ல இழக்கின்றன. செக்கனுக்குப் பத்து, இருபது கிலோமீற்றர் வேகத்தில் வெளியேறும் அந்த வாயு, விண்மீனை விட்டு விலகி 1,500 முதல் 1,000 கெல்வின் வரை குளிரும் இடத்தில், திண்மத் துணிக்கைகளாகத் திரளத் தொடங்குகிறது. எந்த வகைத் தூசு உண்டாகும் என்பதை ஒரேயொரு மூலக்கூறு தீர்மானிக்கிறது. உயர்தரத்தில் இரசாயனம் படிப்போர் இதை எளிதில் இரசிப்பர். காபனோரொட்சைட்டு மிக உறுதியான பிணைப்பைக் கொண்டது. காபனும் ஒட்சிசனும் ஒன்றையொன்று கண்டால் முதலில் இதற்குள் பூட்டிக்கொள்ளும். விண்மீனின் காற்றில் ஒட்சிசன் அதிகமென்றால், காபன் முழுவதும் இப்படிச் சிறைப்பட்டு, எஞ்சிய ஒட்சிசன் சிலிக்கேற்றுத் தூசைத் தரும். காபன் அதிகமென்றால் ஒட்சிசன் சிறைப்பட்டு, எஞ்சிய காபன் கரித் தூசாகும்.

ஒட்சிசன் மிகுந்த காற்றில் முதலில் திண்மமாவது எது என்பது தனி ஆராய்ச்சி. சிலிக்கேற்று படிவதற்கு முன்னால், அதைவிட உயர்ந்த வெப்பநிலையிலேயே உறையக்கூடிய ஒரு வித்து வேண்டும். அலுமினியம் ஒட்சைட்டும் டைட்டேனியம் ஈரொட்சைட்டும் அதற்குரியவையாக நீண்டகாலமாக முன்வைக்கப்பட்டு வருகின்றன. முதலாவது இரத்தினபுரியில் அகழப்படும் நீலக்கல்லின் அடிப்படைப் பொருளான குருந்தம். இரண்டாவதைத் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை: நம் திருகோணமலை மாவட்டத்தின் வட எல்லையில், புல்மோட்டைக் கடற்கரையின் கறுத்த மணலில் இல்மனைட், சிர்கோன் ஆகியவற்றுடன் கலந்து கிடக்கும் ரூட்டைல் என்பது டைட்டேனியம் ஈரொட்சைட்டேதான். அந்த மணலை உள்ளங்கையில் அள்ளினால் வழமையான கடல்மணலைவிடப் பாரமாக இருப்பது உடனே தெரியும். புல்மோட்டை மணல் புவியின் பாறைகளிலிருந்து அரித்துவரப்பட்டதேயொழிய விண்ணிலிருந்து நேரே விழுந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேர்வை மட்டுமே ஒன்று.

இத்தகைய தூசு கண்முன்னே உருவானதை அண்மையில் உலகமே பார்த்தது. மார்கழியில் நாம் திருவெம்பாவை பாடும் நாட்களில் கிழக்கே எழும் திருவாதிரை விண்மீன், 2019இன் இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பெப்ரவரியில் தன் வழமையான ஒளியில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுக் கடந்த அளவுக்கு இறங்கியது. வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. அது வெடிக்கப் போகிறது என்று செய்திகள் பரவின. 2021இல் வெளியான ஆய்வு, விண்மீனின் மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததையும், முன்னர் வெளியேறியிருந்த வாயு அதனால் தூசாகத் திரண்டு நமக்கும் விண்மீனுக்கும் இடையே நின்றதையும் காட்டியது.

விண்மீன்களே தூசின் தாய்வீடு என்ற கருத்தை வலுவாக முன்வைத்தவர்களுள் கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் ஒருவர். 1940களில் ஊர்ட், வான் டி ஹல்ஸ்ட் முதலிய டச்சு வானியலாளர்கள், விண்வெளியின் குளிரிலேயே வாயு உறைந்து பனித் துணிக்கைகள் வளர்கின்றன என்று கருதியிருந்தனர். 1962இல் விக்கிரமசிங்கவும் பிரெட் ஹொயிலும் அதை மறுத்து, காபன் மிகுந்த விண்மீன்களின் காற்றில் காரீயத் (கிராபைட்) துணிக்கைகள் உருவாகி வெளியேறுகின்றன என்றனர். காரீயத்துக்குப் பெயர்பெற்ற ஒரு நாட்டில் பிறந்தவர் இதைச் சொன்னது தற்செயல்தான். விண்தூசில் நுண்ணுயிர்கள் உள்ளன என்று அவர் பின்னாளில் வாதிட்டதை வானியலாளர் ஏற்கவில்லை; ஆனால் காபன் தூசு என்ற அந்த இளமைக்காலக் கருத்து நிலைத்துவிட்டது. வெளியில் வளர்ச்சி என்ற பழைய டச்சுக் கருத்தும் இன்று வேறொரு உருவில் திரும்பி வந்திருக்கிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

விண்மீன்கள் இவ்வாறு வெளியேற்றிய துணிக்கைகளை நாம் கையில் எடுத்தும் பார்த்திருக்கிறோம். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் சூரியனுக்கு மூத்த சிலிக்கன் காபைட்டுத் துணிக்கைகள் கிடைத்தன. அவற்றுள் மிகப் பழையது ஏறத்தாழ 7 பில்லியன் ஆண்டுகள் வயதுடையது என்று 2020இல் கணிக்கப்பட்டது. சூரியனின் வயது 4.6 பில்லியன் ஆண்டுகள்தான்.

முதுமை விண்மீன்களின் குறை, அவை முதுமை அடைய எடுக்கும் காலம். சூரியனைப் போல் இரு மடங்கு திணிவுள்ள விண்மீன் தூசு தரும் பருவத்துக்கு வர ஒரு பில்லியன் ஆண்டுகளாவது வேண்டும். விரைவாகத் தூசு தரக்கூடியவை, எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவோடு பிறந்து, சில மில்லியன் முதல் நாற்பது மில்லியன் ஆண்டுகளுக்குள் வெடித்து மடியும் பெரு விண்மீன்கள். அந்த வெடிப்பே சுப்பர்நோவா. 1987 பெப்ரவரியில் பெரிய மகெல்லன் முகில் என்ற அண்டைப் பேரடையில் ஒன்று வெடித்தது. அந்த மாத இறுதியில், இரவு ஏழு மணிக்குச் சற்றுப் பின்னர், திருகோணமலையிலிருந்து நேர் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரைக்கு மேலாக, அடிவானிலிருந்து பன்னிரண்டு பாகை உயரத்தில், அதாவது நீட்டிய கையின் ஒரு முட்டியைவிடச் சற்று மேலே, அது நின்றிருக்கும். போர்க்காலம், இரவில் கடற்கரையில் நின்று வானம் பார்ப்பதற்கு உகந்த ஆண்டு அன்று. ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த வெடிப்பின் எச்சத்தில், சூரியனின் திணிவில் பாதியளவான குளிர்ந்த தூசு இருப்பதை 2011இல் ஹேர்ச்செல் விண்தொலைக்காட்டி கண்டது. அத்தூசு வெடிப்பின் உள்ளே புதிதாக உருவானதே என்பதைச் சிலியின் அற்றகாமாப் பாலைவனத்தில் 66 அன்டெனாக்களைக் கொண்ட அல்மா தொலைக்காட்டி பின்னர் உறுதிசெய்தது.

ஒரு வெடிப்புக்கு அரைச் சூரியன் தூசு என்றால் கணக்குத் தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் வெடித்த பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது ஓர் அதிர்ச்சி அலை உள்நோக்கித் திரும்பி வந்து, புதிதாகப் பிறந்த தூசின் ஊடாகவே பாய்கிறது. வேகமாக மோதும் அயன்கள் துணிக்கைகளின் மேற்பரப்பை அணு அணுவாகக் கொத்திவிடும். எவ்வளவு பங்கு தப்பும் என்பது துணிக்கையின் பருமனையும் சூழலின் அடர்த்தியையும் பொறுத்தது. இதுபற்றிய மதிப்பீடுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன. பாரமான விண்மீன் இணைகளும் தம் பங்கைச் செலுத்துகின்றன. டபிள்யூ.ஆர். 140 என்ற இணை, எட்டு ஆண்டுகளுக்கொருமுறை நெருங்கும்போதெல்லாம் ஒரு தூசு வளையத்தை விடுகிறது. அத்தகைய 17 வளையங்களை ஜேம்ஸ் வெப் தொலைக்காட்டி 2022இல் படமெடுத்தது.

இனி, நம் சொந்தப் பால்வீதியிலேயே வரவு செலவைப் பார்த்தால் ஒரு துண்டு விழுகிறது. சுப்பர்நோவா அதிர்ச்சிகளால் ஒரு துணிக்கை அழிவதற்குச் சராசரியாகச் சில நூறு மில்லியன் ஆண்டுகள் போதும் என மதிப்பிடுகின்றனர். விண்மீன்கள் புதுத் தூசால் அதை ஈடுசெய்ய இரண்டு பில்லியன் ஆண்டுகளுக்குக் குறையாது. பிறப்பைவிட இறப்பு விரைவு. அப்படியானால் பால்வீதியில் தூசு அருகிப் போயிருக்க வேண்டும். அந்தக் கரும்பிளவே தெரியக் கூடாது.

இரும்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விண்வெளியின் குளிர்ந்த வாயுவில் இருக்க வேண்டிய இரும்பில் 99 சதவீதத்துக்கு மேல் வாயுவாகக் காணப்படுவதில்லை. அது தூசுக்குள் போய்விட்டது. ஆனால் இரும்பின் பெரும்பகுதியை உண்டாக்குவது, வெள்ளைக் குறுமீன்கள் (சூரியனைப் போன்ற விண்மீன்கள் மடிந்தபின் எஞ்சும் அடர்ந்த கருக்கள்) வெடிக்கும் வேறொரு வகைச் சுப்பர்நோவா. அவ்வகை வெடிப்புகளில் குறிப்பிடத்தக்க அளவு தூசு உருவானதாகத் தெரியவில்லை. வாயுவாக வெளியேறிய இரும்பு, பின்னர் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில்தான் தூசோடு சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு எல்லா வாதங்களிலும் நம்பிக்கை தருவது இதுவே. ஏனெனில் இது தொலைதூரக் கணிப்பு எதையும் நம்பியிருக்கவில்லை.

ஆகவே விண்மீன்கள் தருவது பெரும்பாலும் வித்து. அடர்ந்த குளிர்ந்த முகிலொன்றில் அவ்வித்தின்மேல் வாயு அணுக்கள் வந்து மோதி ஒட்டிக்கொள்கின்றன. துணிக்கை பெருக்கப் பெருக்க அதில் மோதும் அணுக்களும் பெருகும். பாரமான மூலகங்கள் (ஐதரசனையும் ஈலியத்தையும் விடப் பாரமானவை) சூரியனளவு செறிந்துள்ள முகிலில் இவ்வளர்ச்சிக்குச் சில மில்லியன் முதல் சில பத்து மில்லியன் ஆண்டுகள் போதும். ஆனால் ஒட்டுவதற்கு அணுக்கள் வேண்டும். பாரமான மூலகங்கள் மிகக் குறைந்த பேரடையில் வித்துகள் இருந்தும் வளர்ச்சி நடவாது. அச்செறிவு ஒரு வரம்பைத் தாண்டியதும் வளர்ச்சி விண்மீன் உற்பத்தியை முந்திவிடும். கோட்பாட்டுக் கணிப்புகள் பல, அந்த வரம்பைச் சூரியனின் செறிவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வைக்கின்றன. இதற்கு நமக்கு அருகிலுள்ள சான்று ஐ ஸ்விக்கி 18 என்ற சிறு பேரடை. அதன் பாரமூலகச் செறிவு சூரியனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அதன் தூசோ அந்த விகிதத்தைவிட மிக அதிகமாகக் குறைந்திருக்கிறது.

எதிர்வாதமும் உண்டு. அடர்ந்த முகிலில் துணிக்கைகள் பத்து, இருபது கெல்வின் வரை குளிர்ந்து, நீர்ப்பனியால் மூடப்பட்டுவிடும். சிலிக்கன் அணு அப்போது பாறையோடு சேராமல் பனியில் சிக்கிக்கொள்ளும். பனி ஆவியானால் அதுவும் போய்விடலாம். இதனால் முகில்களில் வளர்ச்சி கடினம் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களது வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இரும்பின் கணக்குக்கு அதில் விடையில்லை.

இப்போது தொலைவுக்குப் போகலாம். தொலைதூரப் பேரடையின் தூசு நமக்குத் தெரிவது அதன் வெப்பத்தால். சில பத்துக் கெல்வினில் உள்ள தூசு, 100 மைக்கிரோமீற்றரை ஒட்டிய அலைநீளத்தில் அதிகமாக ஒளிரும். பிரபஞ்சம் விரிவதால் அந்த அலை பயணத்தின்போது நீண்டு, மில்லிமீற்றர் அளவை நெருங்கி வந்து சேர்கிறது. அல்மா கேட்பது இந்த அலைநீளங்களையே. 2003இல் எஸ்.டி.எஸ்.எஸ். ஜே1148+5251 என்ற குவேசரை, அதாவது பொருளை விழுங்கும் பெருங் கருந்துளையால் மிகப் பிரகாசிக்கும் மையத்தை, தாங்கிய பேரடையில் சில நூறு மில்லியன் சூரியத் திணிவுக்குத் தூசு இருப்பது கண்டறியப்பட்டது. அந்த ஒளி புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது 870 மில்லியன் ஆண்டுகளே. சுப்பர்நோவாக்களால் மட்டும் அவ்வளவு தூசு வர வேண்டுமானால், ஒவ்வொன்றும் ஒரு சூரியத் திணிவுத் தூசைத் தந்து, அதில் எதுவும் அழியாமலும் இருக்க வேண்டும் என்று கணித்தனர். பால்வீதியில் கண்ட அதே துண்டு, இங்கே பல மடங்கு பெரிதாக.

2019இல் மாக்ஸ்0416_வை1 என்ற பேரடையில், பிரபஞ்சத்துக்கு 600 மில்லியன் ஆண்டுகள் ஆன காலத்திலேயே, சில மில்லியன் சூரியத் திணிவுத் தூசு அறிவிக்கப்பட்டது. இத்தகைய எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். நாம் அளப்பது ஒளியைத்தான். திணிவை அதிலிருந்து கணிக்கிறோம். சூடான சிறிதளவு தூசும் குளிர்ந்த பெருமளவு தூசும் ஒரே அளவு ஒளிரலாம். இதே பேரடையின் தூசு 80 கெல்வினுக்கும் மேல் சூடானது என்று அடுத்த ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியதும், தேவைப்படும் தூசின் அளவு குறைந்தது.

திணிவை விடுத்து, எவ்வகைத் தூசு என்று கேட்கவும் வழியுண்டு. பால்வீதியின் தூசு 217.5 நனோமீற்றர் அலைநீளக் கழியூதாக் கதிரை (புற ஊதா) மட்டும் வழமையைவிட அதிகமாக விழுங்குகிறது. 1965இல் கண்டறியப்பட்ட இந்தக் குறி, காபன் தூசினுடையது எனக் கருதப்படுகிறது. 2023இல் ஜேம்ஸ் வெப் அவதானிப்புகள் அதே குறியைப் பிரபஞ்சத்தின் முதல் பில்லியன் ஆண்டுகளுக்குள் வாழ்ந்த பேரடைகளில் காட்டின. காபன் விண்மீன்கள் முதுமையடைய அங்கே நேரம் போதவில்லை. டபிள்யூ.ஆர். 140 போன்ற விரைந்து வாழும் விண்மீன்களோ சுப்பர்நோவாக்களோ அந்தக் காபனைத் தந்திருக்க வேண்டும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் நிலைமை மாறுகிறது. பிரபஞ்சத்துக்கு 300 மில்லியன் ஆண்டுகள் ஆவதற்கு முன்னரே ஒளிர்ந்த ஜேட்ஸ்-ஜி.எஸ்.-இசட்14-0 என்ற பேரடையை ஜேம்ஸ் வெப் கண்டுபிடித்தது. அதில் ஒட்சிசன் இருப்பதை அல்மா கண்டறிந்ததாக 2025இல் அறிவிக்கப்பட்டது. தூசின் வெப்ப ஒளி அதே அவதானிப்பில் அகப்படவில்லை. பெரு விண்மீன்கள் வெடித்து மூலகங்களைத் தந்துவிட்டன, தூசு மட்டும் பின்தங்கி நிற்கிறது என்பது ஒரு விளக்கம். வளர்ச்சிக்குரிய வரம்பு எட்டப்படும் முன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வளர்ச்சிக் கோட்பாடும் சொல்கிறது. இளம் விண்மீன்களின் கடும் ஒளி, உருவான தூசை வெளியே தள்ளிவிட்டது என்பது மற்றொரு விளக்கம். தள்ளப்பட்ட தூசு எங்கோ குளிர்ந்து கிடக்கும். பிறவாத தூசு எங்கும் இராது. அத்தகைய பேரடைகளைச் சுற்றிய வெளியில் மங்கலான வெப்ப ஒளி இருக்கிறதா என்று தேடுவதன் மூலமே இவ்விரண்டில் எது சரி என்பதைப் பிரித்தறியலாம்.